முகத்துக்கு எத்தனை சாம்பல்?

1948 ஜூன் மாதம் மலாயாவில் அவசரகாலம் பிரகடனமானது. காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுப் போராளி யார், ஊருக்குள் இருக்கும் குடிமகன் யார் என்று பிரித்துப் பார்க்க பிரிட்டிஷ் அரசு ஒரு வழி கண்டது. பன்னிரண்டு வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் எல்லாரும் பதிந்துகொள்ள வேண்டும். படமும் கட்டைவிரல் ரேகையும் உள்ள அடையாள அட்டையைக் கையில் வைத்திருக்க வேண்டும். ஜொகூர் மாநிலத்தில் சிகாமட், லாபிஸ், குளுவாங், கூலாய் என்று ரயில் பாதையை ஒட்டிப் பரந்து கிடந்த ரப்பர் தோட்டங்களின் லயத்து வீடுகளில் வாழ்ந்த தமிழர்கள் பலர் கேமராவுக்கு முன்னால் முதன்முதலாக உட்கார்ந்தது அந்த அட்டைக்காகத்தான். வெளுத்த சட்டை, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, நெற்றியில் திருநீறு, இமைக்காத கண்.

வீட்டுப் பெரியவர் காலமானபோது வீட்டில் இருந்த ஒரே படம் அந்த அடையாள அட்டைப் படம்தான் என்பது ஜொகூரில் பல குடும்பங்களின் கதை. அதைப் போட்டோக் கடைக்குக் கொண்டுபோய்ப் பெரிதாக்கி, கண்ணாடி போட்டு, மாலை சாத்திக் கூடத்தில் மாட்டினார்கள். இப்படி மாட்டிய படங்களை நாலு வீட்டில் பார்த்தவர்களுக்கு ஓர் ஒற்றுமை தெரிந்திருக்கும். சட்டை சுண்ணாம்பு வெள்ளை, முகம் கரி. கண்ணெங்கே, கன்னமெங்கே என்று தேட வேண்டியிருக்கும். “தாத்தா ரொம்பக் கறுப்பு” என்று பேரப்பிள்ளைகள் சொல்லிக்கொள்வார்கள். தாத்தா அவ்வளவு கறுப்பில்லை. வெயில், பிலிம், ஒளியின் அளவு, மருந்துத் தண்ணீர், தாள் என்று எல்லாம் சேர்ந்து அவரை அப்படி ஆக்கிவிட்டன. எப்படி என்று தெரிந்தால், பழைய படத்தில் ஓரளவு மீட்கலாம். இன்றைக்கு எடுக்கும் படத்தில் முழுவதும் தவிர்க்கலாம்.

தாளிலிருந்து தொடங்குவோம். கறுப்பு வெள்ளைப் படம் என்பது வெள்ளைத் தாளின்மேல் நுண்ணிய துகளாகப் படிந்த வெள்ளி. பளபளப்பான போட்டோத் தாளின் மிக வெளுத்த இடம் தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்குத் தொண்ணூறு வரை திருப்பி அனுப்பும். மிகக் கறுத்த இடமும் நூற்றுக்கு ஒன்றையாவது திருப்பி அனுப்பிவிடும். ஆக, அந்தத் தாளால் காட்ட முடிந்த ஏற்றத்தாழ்வு ஏறக்குறைய நூறு மடங்கு. பளபளப்பில்லாத தாளில் இது நாற்பது, ஐம்பது மடங்காகச் சுருங்கும்.

இப்போது வெயிலில் நிற்கும் மனிதரைப் பாருங்கள். வெள்ளைச் சட்டை ஒளியில் எண்பது விழுக்காட்டைத் திருப்புகிறது, கரிய தோல் பத்தை. எட்டு மடங்கு இடைவெளி. புருவ எலும்பின் நிழலுக்குள் ஒளிந்திருக்கும் கண்குழிக்கு வந்து சேரும் ஒளியே எட்டில் ஒரு பங்கு என்றால், சட்டைக்கும் கண்குழிக்கும் நடுவே அறுபத்து நாலு மடங்கு. எண்ணெய்த் தலைமயிர் அதற்கும் கீழே. தாளின் கையிருப்பு ஏறத்தாழ இதிலேயே தீர்ந்துபோகிறது. சட்டை ஒருபுறம், மயிர் ஒருபுறம் எடுத்துக்கொண்டது போக, மூக்குத்தண்டுக்கும் கன்னத்துக்கும் தாடைக்கும் இடையிலான நுட்பமான படிகளுக்கு என்ன மிஞ்சும்? கான்ட்ராஸ்ட் என்பது மாதச் சம்பளம் மாதிரி. ஓரிடத்தில் கூடச் செலவழித்தால் இன்னோர் இடத்தில் துண்டு விழும். கடையில் போய் “கான்ட்ராஸ்டைக் கூட்டுங்க” என்று சொல்லும்போது எங்கே கூட்ட வேண்டும் என்பதைச் சொல்லாமல் விடுகிறோம். பெரும்பாலும் சட்டைதான் லாபம் அடைகிறது.

ஜொகூர் வெயிலுக்கென்று ஒரு குணமும் உண்டு. ஐரோப்பாவில் ஓவியர்களும், அவர்களைப் பார்த்துப் போட்டோக்காரர்களும் வடக்குப் பக்கம் கண்ணாடி வைத்து ஸ்டூடியோ கட்டினார்கள். அங்கே நண்பகல் சூரியன் எப்போதும் வானத்தின் தெற்குப் பாதியில் இருப்பதால், வடக்கு ஜன்னலில் நேர் வெயில் அநேகமாக அடிக்காது; நாளெல்லாம் ஒரே சீரான மென்மையான வானொளி கிடைக்கும். ஜொகூர் பாரு நிலநடுக்கோட்டுக்கு ஒன்றரைப் பாகை வடக்கே இருக்கிறது. இங்கே நண்பகல் சூரியன் மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை தலைக்கு வடபுறம், மற்ற மாதங்களில் தென்புறம். வருடத்தின் எந்த நாளிலும் நண்பகலில் உச்சியைவிட்டு 25 பாகைக்குமேல் விலகுவதில்லை. வடக்கு ஜன்னல் சூத்திரம் இங்கே பாதி வருடம் பொய்த்துவிடும். திறந்தவெளியில் நின்றால் ஒளி நேரே உச்சந்தலையில் இறங்கி, நெற்றியையும் மூக்கு நுனியையும் சுட்டுவிட்டு, கண்களைக் குழியில் தள்ளிவிடும். பால்மரத்து நிழலுக்குள் போனாலும் ஒளி மேலிருந்துதான் வரும், அதுவும் இலைக்குள் புகுந்து பச்சை ஏறி. ஆண்டின் முதல் மாதங்களில் ரப்பர் மரங்கள் இலையுதிர்க்கும்போது அந்த நிழலும் கிடையாது.

அடுத்தது பிலிம். வெள்ளி உப்புக்கு இயல்பாகத் தெரிவது நீலமும் ஊதாவும் கண்ணுக்குப் புலப்படாத புற ஊதாவும்தான். பச்சையும் சிவப்பும் அதற்கு இருட்டு. 1867இல் சிங்கப்பூரில் தொடங்கி ஜொகூர்ப் பக்கமும் படமெடுத்த ஜி.ஆர். லாம்பர்ட் நிறுவனம் போன்றவர்கள் அந்தக் காலத்தில் பயன்படுத்திய கண்ணாடித் தட்டுகள் இந்தக் குறையோடு இருந்தவை. நம் தோலில் உள்ள மெலனின் நிறமி நீலத்தை மிக அதிகமாகவும் சிவப்பை மிகக் குறைவாகவும் விழுங்கும். ஆகவே நீலத்தை மட்டும் பார்க்கும் தட்டுக்குத் தமிழர் முகம், கண்ணுக்குத் தெரிவதைவிடப் பல படி கறுப்பாகவே தெரியும். “உள்ளூர் மனித வகைகள்” என்று அன்றைக்கு வெள்ளைக்காரப் பயணிகளுக்கு விற்ற படங்களில் நம்மவர்கள் நிலக்கரிச் சிலைபோல நிற்பதற்கு, எடுத்தவரின் பார்வையோடு இந்த வேதியியலுக்கும் பங்கு உண்டு.

மஞ்சள் பூசிக் குளித்த முகத்துக்கு இன்னும் மோசம். மஞ்சளின் வேலையே நீலத்தை விழுங்குவது. அதனால்தான் அது மஞ்சளாகத் தெரிகிறது. நேரில் பொன்னாய் மின்னிய முகம் அந்தத் தட்டில் இருண்டு போகும். குங்குமப் பொட்டு மை வைத்தது போலக் கறுப்பு. வெற்றிலை போட்ட உதடும் அப்படியே. திருநீறு மட்டும் தப்பும்.

1873இல் பெர்லினில் ஹெர்மன் வில்ஹெல்ம் ஃபோகல் என்னும் வேதியியலாளர், சில சாயங்களைச் சேர்த்தால் வெள்ளி உப்பு பச்சையையும் உணரும் என்று கண்டுபிடித்தார். அதிலிருந்து வந்ததுதான் ஆர்த்தோ பிலிம். எல்லா நிறத்தையும் உணரும் பான்குரோமாட்டிக் தட்டுகளை இங்கிலாந்தின் ராட்டன் அண்டு வெயின்ரைட் நிறுவனம் 1906இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. என்றாலும் ஸ்டூடியோக்காரர்கள் ஆர்த்தோவை லேசில் விடவில்லை. ஆர்த்தோவுக்குச் சிவப்பு தெரியாது என்பதால் இருட்டறையில் சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு, பிலிமைக் கண்ணால் பார்த்தபடியே கழுவலாம். பான்குரோமாட்டிக் என்றால் முழு இருட்டில் தடவ வேண்டும். தொழிலாளிக்கு வசதி, படம் எடுத்துக்கொண்டவர் முகத்துக்கு நட்டம்.

மூன்றாவது, ஒளியின் அளவு. பிலிமில் விழும் ஒளிக்கும் அதில் படியும் கறுப்புக்கும் என்ன உறவு என்பதை ஹர்ட்டர், டிரிஃபீல்டு என்ற இருவர் 1890இல் வரைபடமாகப் போட்டுக் காட்டினார்கள். அது ஒரு சாய்ந்த எஸ் வடிவம். கீழே தட்டையான பாதம், நடுவே நேரான ஏற்றம், மேலே மறுபடி தட்டை. நடு ஏற்றத்தில் விழுந்தால் ஒளியின் சிறு வித்தியாசமும் படத்தில் தெரியும். பாதத்தில் விழுந்தால் இரண்டு மடங்கு வித்தியாசம்கூட ஒன்றாய்ச் சப்பிப்போகும். வெள்ளைச் சட்டை எரிந்துவிடக் கூடாது என்று போட்டோக்காரர் ஒளியைக் குறைத்துக்கொண்டால் சட்டை நடு ஏற்றத்தில் சுகமாக உட்காரும். முகம் பாதத்துக்குப் போய்விடும். சட்டையின் மடிப்பெல்லாம் தெளிவு, முகம் ஒரே கறுப்பு என்ற படங்கள் இப்படிப் பிறந்தவை.

நாலாவது, மருந்துத் தண்ணீர். டெவலப்பருக்கு 20 டிகிரி செல்சியஸ் என்று பாட்டிலில் எழுதியிருப்பார்கள். ஜொகூரில் குழாயைத் திறந்தால் வருவதே 28 டிகிரிக்குக் குறையாத நீர். சூடு ஏற ஏற ரசாயன வேலை வேகமாகும். நேரத்தைக் குறைக்காமல் கழுவினால் வெள்ளைப் பகுதிகள் கட்டியாகத் திரண்டு, வரைபடத்தின் ஏற்றம் செங்குத்தாகிவிடும். பாதத்தில் கிடக்கும் முகத்துக்கு அதனால் பெரிய உதவி இல்லை. சட்டை மட்டும் மேலும் வெளுக்கும். அதோடு ஜெலட்டின் இளகிச் சுருங்கும் ஆபத்து வேறு. வெப்ப நாட்டு வேலைக்கென்றே சோடியம் சல்பேட் கலந்த டெவலப்பரும், ஜெலட்டினை இறுக்கும் குரோம் படிகாரக் குளியலும் உண்டு. எளிய வழி, மருந்துத் தட்டைச் சுற்றி ஐஸ் கட்டி வைப்பது.

வெயில், பிலிம், அளவு, சூடு. நாலும் முகத்தை ஒரே திசையில் தள்ளியதுதான் கஷ்டம்.

இனித் தோலைப் பற்றி. முகத்தில் படும் ஒளி இரண்டாகப் பிரிகிறது. நூற்றுக்கு நாலைந்து பங்கு தோலின் மேற்பரப்பிலேயே கண்ணாடியில் படுவது போலப் பட்டுத் தெறிக்கிறது. மீதி உள்ளே நுழைந்து, மெலனினிடமும் இரத்தத்திடமும் கொஞ்சம் பறிகொடுத்துவிட்டு, சிதறி வெளியே வருகிறது. மேற்பரப்பில் தெறிக்கும் பங்கு எந்த நிறத் தோலுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். உள்ளே போய்த் திரும்பும் பங்குதான் ஆளுக்கு ஆள் மாறுகிறது. வெளிறிய தோலில் நாற்பது பங்கு திரும்பி வரும்போது, தெறிக்கும் நாலு அதற்குள் கரைந்துவிடும். அத்தகைய முகத்தின் வடிவத்தை வெளிச்சம் நிழல் மாறும் விதத்தைக் கொண்டே அறிகிறோம். கரிய தோலில் திரும்புவதே பத்துக்குள் என்றால், அந்த நாலு பெரிய ஆள். கன்ன எலும்பு, மூக்குத்தண்டு, நெற்றி வளைவு எல்லாவற்றையும் வரைந்து காட்டுவது அந்த மினுமினுப்புதான்.

போட்டோ வேலையில் இதற்கு நேரடியான பலன் உண்டு. கரிய முகத்துக்கு நிறைய வெளிச்சம் தேவை என்பார்கள். அது அரைகுறை உண்மை. தேவைப்படுவது அகலமான வெளிச்சம். சின்ன பல்பைக் காட்டினால் தெறிப்பு எரிந்துபோன வெள்ளைப் புள்ளியாக நிற்கும், சுற்றிலும் கறுப்பு. பெரிய ஜன்னல், வெயில் படும் வெள்ளைச் சுவர், விரித்துப் பிடித்த வேட்டி, இவற்றில் எதை முகத்துக்குப் பக்கவாட்டில் வைத்தாலும் அந்தத் தெறிப்பு கன்னத்தில் நீளமான மெல்லிய சாம்பலாகப் பரவும். ஜொகூரின் ஈரக்காற்றில் முகம் எப்போதும் கொஞ்சம் வியர்த்தே இருக்கும். அகன்ற ஒளியில் அந்த ஈரம் நமக்குச் சாதகம். ஆனால் நம் வழக்கம் என்ன? கேமராவைக் கண்டதும் பவுடரை அப்புவது. பவுடர் தெறிப்பைக் கொன்று, எல்லா இடத்திலும் ஒரே சாம்பலைப் பூசிவிடும். முகம் வெளுக்கும், வடிவம் போய்விடும். பவுடர் போட்ட முகம் பல படங்களில் அப்பளம்போலத் தட்டையாக இருப்பதற்கு அழகுணர்ச்சியைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஸ்டூடியோக்காரர்கள் இதையெல்லாம் அறியாதவர்கள் அல்லர். நெகட்டிவின்மேல் ஒரு பசையைத் தடவி, கூர்மையான பென்சிலால் கன்னத்திலும் கண்ணடியிலும் நுணுக்கமாகக் கீறுவார்கள். நெகட்டிவில் கறுத்தது தாளில் வெளுக்கும். பெரிதாக்கும்போது முகத்தின்மேல் விழும் ஒளியை விரலால் மறைத்து மறைத்து ஆட்டுவார்கள், சட்டைக்கு மட்டும் கூடுதல் ஒளி காட்டுவார்கள். முகத்துக்குக் கணக்கைத் தனியாகவும் சட்டைக்குத் தனியாகவும் போடும் கலை அது. தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோப் படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டத்தின் உதவியோடு தேடித் திரட்டி எண்மமாக்கியிருக்கிறார்கள். அப்படியொரு வேலைக்கு ஜொகூர்த் தோட்டங்களும் உரியவை. லயங்கள் இடிந்து செம்பனை நிற்கும் இடங்களில் அங்கே வாழ்ந்தவர்களுக்குச் சாட்சி, இந்தக் கறுத்துப்போன படங்கள்தாம்.

சரி, கையில் இருக்கும் பழைய படத்தை என்ன செய்யலாம்? முதலில் செய்யக் கூடாதவை. பூஞ்சை பிடித்த படத்தை ஈரத்துணியால் துடைக்காதீர்கள். பூஞ்சை தின்ற ஜெலட்டின் தண்ணீரில் கரைந்து முகத்தோடு கையில் வந்துவிடும். கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டால் பிரிக்காதீர்கள். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் எடுக்கலாம். படங்களைக் கட்டி வைக்க ரப்பர் வளையம் வேண்டவே வேண்டாம். ரப்பரில் உள்ள கந்தகம் வெள்ளியைத் தாக்கும். ரப்பரால் வாழ்ந்தவர்களின் படத்தை ரப்பர் அழிப்பது கொஞ்சம் கொடுமையான வேடிக்கை.

பிறகு, கறுப்பு வெள்ளைப் படம்தானே என்று கறுப்பு வெள்ளையில் ஸ்கேன் எடுக்காமல் கலரில் எடுங்கள், 16 பிட்டில். காரணம் இருக்கிறது. சரியாக அலசாத படத்தில் தங்கிவிட்ட ஹைப்போ என்ற நிலைநிறுத்தும் மருந்து, நாளடைவில் வெள்ளியை மஞ்சள் பழுப்பான வெள்ளி சல்பைடாக மாற்றும். மங்கிப்போன மஞ்சள் படம் கண்ணுக்கு வெறுமையாகத் தெரியும். ஆனால் மஞ்சள் நீலத்தை விழுங்குமே! கலர் ஸ்கேனில் நீல அலைவரிசையை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால், மங்கிய முகம் திடமாக எழுந்து வரும். டீ கொட்டிய கறையாக இருந்தால் கணக்கு நேர்மாறு: சிவப்பு அலைவரிசையில் கறை ஏறக்குறைய மறைந்துபோகும். நீலத்தில் முகம், சிவப்பில் சுத்தம்; படத்தைப் பொறுத்து எது எவ்வளவு என்று கலந்துகொள்ளலாம். அன்றைய வெள்ளி உப்பின் நீலக்கண் தாத்தாவைக் கறுப்பாக்கியது. இன்று அதே நீலம் அவரை மீட்கிறது.

அடுத்தது வளைவு. மென்பொருளில் கான்ட்ராஸ்ட் என்று பெயர் போட்ட ஒற்றைப் பொத்தானைத் தொடாதீர்கள். அது நடுவில் செங்குத்தாக்கி இரு முனையையும் நசுக்கும்; நம் முகம் இருப்பதோ கறுப்பு முனையில். ‘கர்வ்ஸ்’ என்ற கருவியில் முகம் எந்தப் பகுதியில் இருக்கிறது என்று கண்டு, அங்கே மட்டும் கோட்டைச் செங்குத்தாக்குங்கள். சட்டை இருக்கும் மேல் பகுதியைத் தட்டையாக்குங்கள். சட்டை கொஞ்சம் சாம்பலடித்தால் அடிக்கட்டும். சட்டையை யாரும் தேடி வரப்போவதில்லை. இன்னும் நுட்பமாக வேண்டுமானால், முகத்தை மட்டும் மெல்லிய விளிம்போடு தெரிவுசெய்து தனிக் கோடு வரையலாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. முகத்தை வெளுப்பாக்குவது வேறு, முகத்துக்குள் படிகளைக் கூட்டுவது வேறு. கடைக்காரர்கள் முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதைச் செய்ததாக நினைத்துக்கொள்கிறார்கள். தாத்தா கறுப்பாகவே இருக்கட்டும். கன்னத்துக்கும் தாடைக்கும் வித்தியாசம் தெரிந்தால் போதும். பாதத்தில் முழுவதுமாகப் புதைந்துபோன கண்ணை எந்தக் கருவியாலும் தோண்டி எடுக்க முடியாது. செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் எடுத்ததாகக் காட்டுகின்றனவே என்றால், அவை மற்றவர்களின் ஆயிரமாயிரம் கண்களைப் பார்த்துப் பழகியதிலிருந்து புதிதாக ஒரு கண்ணை வரைகின்றன. அழகான கண்தான். தாத்தாவுடையது அல்ல.

புதிதாகப் படம் எடுப்பவர்களுக்கு வேலை எளிது. கேமராவுக்குள் இருக்கும் ஒளிமானி, எதைக் காட்டினாலும் அது 18 விழுக்காடு ஒளியைத் திருப்பும் நடுச்சாம்பல் என்றே நம்பும். வெள்ளை வேட்டியால் சட்டம் நிறைந்தால் ஒளியைக் குறைத்து முகத்தை இருட்டாக்கும். இதற்குப் பழைய போட்டோக்காரர்களின் வழி ஒன்று உண்டு: உள்ளங்கை. முகத்தின் நிறம் எதுவானாலும் மனிதரின் உள்ளங்கை ஏறக்குறைய ஒரே வெளிறல், நடுச்சாம்பலைப் போல இரண்டு மடங்கு. முகத்துக்கு விழும் அதே ஒளியில் உள்ளங்கையைக் காட்டி அளந்து, ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்கு ஒளி, கூட்டி வைத்தால் கணக்கு சரி.

கலரில் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக்கும்போது மறுபடி அலைவரிசைப் பிரச்சினை வரும். வழக்கமான சூத்திரம் சிவப்பு 30, பச்சை 59, நீலம் 11 என்ற விகிதத்தில் கலக்கும். சிவப்பைக் கூட்டினால் கரிய தோல் ஒளிரும், பருத் தழும்பும் மறையும். கூடவே உதடு வெளிறிப்போகும், குங்குமம் காணாமல் போகும். சுமங்கலியாகப் போய்ச் சேர்ந்த அம்மாவின் படத்தில் பொட்டைத் தொலைத்துவிட்டு நிற்கும் பிள்ளைகளுக்கு இந்தச் சிவப்புப் பொத்தானின் விலை தெரியும். நீலத்தைக் கூட்டினால் ஒவ்வொரு சுருக்கமும் பள்ளமாகும்; முதியவரின் முகத்துக்கு அது சில சமயம் பொருந்தும், மணப்பெண்ணுக்குப் பொருந்தவே பொருந்தாது. என் விருப்பம் பச்சையை முதலாளியாக வைத்து, சிவப்பைத் துணைக்குச் சேர்ப்பது. இரத்தத்தின் நிறமியும் குங்குமமும் பச்சையை விழுங்குவதால் உதடும் பொட்டும் அதில் உருவம் குலையாமல் நிற்கும்.

பின்னணியும் முகத்தின் நிறத்தை மாற்றும். 1839இல் பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரால், ஒரு சாம்பல் தன்னைச் சூழ்ந்திருப்பதற்கு எதிராகவே கண்ணுக்குத் தெரியும் என்று விளக்கி நூல் எழுதினார். அதே முகம் வெள்ளைச் சுவருக்கு முன்னால் ஒரு படி கறுக்கும், இருண்ட கதவுக்கு முன்னால் ஒரு படி வெளுக்கும். படத்தில் ஒரு துகளும் மாறியிருக்காது.

கடைசியில் மாட்டும் இடம். இவ்வளவும் செய்து எடுத்த படத்தைச் சாதாரணக் கண்ணாடி போட்டு, வாசலுக்கு எதிர்ச்சுவரில், டியூப்லைட்டுக்கு நேராக மாட்டுவார்கள். கண்ணாடியின் இரு பக்கமும் தலைக்கு நாலு பங்காக, எதிரே இருக்கும் வெளிச்சத்தில் நூற்றுக்கு எட்டைத் தெறிக்கவிடும். தாளின் ஆழ்ந்த கறுப்பு திருப்புவது ஒன்றுதான். ஒன்றின்மேல் எட்டு வந்து விழுந்தால் கண்குழியில் நாம் பிரித்து வைத்த படியெல்லாம் சாம்பல் மூட்டத்துக்குள் போய்விடும். நூறு மடங்கு இருந்த இடத்தில் பதினொரு மடங்குகூட மிஞ்சாது. வாசலுக்குப் பக்கவாட்டுச் சுவராகப் பார்த்து மாட்டுங்கள். அல்லது தெறிப்பைத் தடுக்கும் பூச்சுள்ள கண்ணாடியைக் கேட்டு வாங்குங்கள். விலை கொஞ்சம் கூடுதல்.